ஒற்றைக் கோலுக்கு ஏற்ற ரீல்

எத்தொழிலுக்கும் கருவி இன்றியமையாதது. கருவி பலவுடையோன் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வான். ஒன்றே உடையோனோ, அவ்வொன்று பல வேலைக்கும் பயன்படுமாறு முன்னரே ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். மாணவராகிய நம்மிற் பெரும்பாலார் இந்த இரண்டாம் வகையினரே. தூண்டில் விளையாட்டில் விருப்புடைய மாணவன் ஒருவன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கோல் வாங்கிவிட்டான். இனி அதற்கொரு ரீல் வாங்க வேண்டும். அக்கோல் ஏரியில் விராலுக்கும், அணையில் கெளுத்திக்கும், விடுமுறையிற் கடற்கரைப் பக்கம் செல்ல நேர்ந்தால் கழிமுகத்துக் கொடுவாவுக்கும் உதவுதல் வேண்டும். தவறாக வாங்கினால் மாற்றி வாங்கப் பணமில்லை. இத்தகையோன் எதனைக் கருதி ரீலைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முடிவை முன்னரே கூறிவிடுதல் நன்று. பெட்டியின்மேற் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்களை இரண்டாவதாக வைத்து, மீன் இழுக்கும்போது நரம்பைச் சீராக விட்டுக்கொடுக்கும் தன்மையை முதலாவதாக வைத்து நோக்குக. இதற்குரிய காரணங்களை முறையே காண்போம்.

நமது நீர்நிலைகளும் மீனும்

கருவியைத் தெரிவதற்கு முன் அது பயன்படும் இடத்தைத் தெரிதல் முறை. வாணியம்பாடி பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். 1903-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இவ்வாறு பெருகி ஊரை அழித்தது; 2021 நவம்பரிலும் நீர் பெருக்கெடுத்து ஓடக் கண்டோம். ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் இதனை மணலாறு என்றே சொல்லலாம். அன்றியும், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டமை பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீரைக் கெடுத்தவரே அதனைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. ஆதலின் தூண்டில் எடுத்துச் செல்வோன், கழிவு கலவாத ஏரிகளையும் அணைகளையும் நாடுவதே தக்கது. அங்கும் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதுண்டு; உரியவரிடம் அனுமதி கேட்டபின்னரே கோலை விரித்தல் வேண்டும்.

மேனாட்டு நூல்கள் ‘எல்லாவற்றிற்கும் ஒரு கோல்’ என்று கூறும்போது, அமெரிக்க நன்னீர்களில் வாழும் பாஸ் என்னும் மீனையே பெரும்பாலும் கருதுகின்றன. ஆறரை முதல் ஏழடி நீளமும் நடுத்தர விறைப்பும் உள்ள கோல் அது. அம்மீன் நம் ஏரிகட்கு உரியதன்று. ஆயினும் நம் விரால் அதனோடு பல இயல்புகளில் ஒக்கும். இரண்டும் களைகளின் ஓரத்தில் மறைந்திருந்து இரையின்மேற் பாயும்; இரண்டும் செயற்கை இரையைக் கவ்வும். விராலுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. செவுள்களோடு காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் அதற்கு இருத்தலால், இடையிடையே நீரின் மேல்வந்து காற்றை வாங்கிச் செல்லும். எனவேதான் நீர்மேல் இழுக்கப்படும் ரப்பர்த் தவளை விராலுக்குச் சிறந்த இரையாகின்றது. முள்ளிற் சிக்கியவுடன் விரால் களைக்குள் தலையை நுழைக்கும். அந்த ஒரு நொடியில் ரீல் செய்யும் வேலையே வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம்.

கருவி வந்த வரலாறு

தூண்டில் நம் நாட்டிற்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடப்பெற்றது. அதில் மீன் பிடிக்கும் பாண்மகன் ஒருவன் வருகின்றான். இரைக்குரிய இறைச்சி அவனுடைய தோற்பையில் உள்ளது. கையில் நீண்ட மூங்கிற்கோல். அதன் நுனியிற் கட்டிய கயிறு. கயிற்றின் முனையில் வளைந்த இரும்பு முள். வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு முள்ளைத் தனியே விட்டுச் செல்லும் என்று புலவர் கூறுகின்றார். பாலாறு பாயும் தொண்டை நாட்டைப் பாடும் நூலில் தோற்பையும் தூண்டிலும் ஒருங்கே இடம்பெற்றிருத்தல் தோலூராராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் அப்பாண்மகனிடம் ரீல் இல்லை. கயிற்றின் நீளமே அவனுக்கு எல்லை. பெருமீன் இழுத்தால் கோல் வளைவதன்றி வேறு வழியில்லை.

கயிற்றைச் சுற்றிவைக்கும் உருளையின் பழைய உருவம் சீன நாட்டில் காணப்படுகிறது. கி. பி. 1195-ஐ ஒட்டி மா யுவான் என்னும் ஓவியர் தீட்டிய படமொன்றில், தனிப்படகில் இருப்பவன் ரீல் பூட்டிய கோலைப் பிடித்திருக்கின்றான். அவ்வகை ரீல்களில் நரம்பை வீசும்போது உருளையும் உடன் சுழலும். இரை நீரில் விழுந்தபின்னும் உருளை நில்லாது சுழன்றால் நரம்பு குருவிக்கூடு போற் சிக்கிக்கொள்ளும். இக்குறையைப் போக்க, 1884-இல் ஸ்காட்லாந்து நாட்டுப் பெர்த் நகரத்தவரான மல்லாக் என்பவர், வீசுங்கால் உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவைக்கும் ரீல் ஒன்றைச் செய்தார். 1905-இல் ஆங்கில நாட்டு இல்லிங்வொர்த் என்பவர், உருளையை நிலையாக நிறுத்தி, அதனைச் சுற்றி வேறோர் உறுப்பு நரம்பைச் சுற்றுமாறு அமைத்த ரீலுக்கு உரிமை பெற்றார். அவர் பிராட்போர்டு நகரத்துக் கம்பளி நூற்பைச் சேர்ந்தவர். நூற்பாலையில் நூற்கண்டின் தலைப்பக்கமாக நூல் தடையின்றி உருவி வருதலை அறிந்தவர்க்கு அந்த எண்ணம் தோன்றியது இயல்பே. இன்று நாம் ஸ்பின்னிங் ரீல் என்பது அதன் வழிவந்ததே.

நம் சென்னை மாகாணத்திலும் இக்கலையை நூலாக எழுதியவர் உண்டு. சென்னை சிவில் சர்வீசில் இருந்த எச். எஸ். தாமஸ் என்பார், இந்தியாவில் தூண்டிற்கோல் பற்றி 1873-இல் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுதல் பற்றி 1887-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். ஏரிக்கென்றே தனிநூல் வேண்டியிருந்தது என்பதை நோக்குக. ஆற்று மீனுக்குச் சொன்னதெல்லாம் ஏரி மீனுக்குப் பொருந்தாது.

ரீலின் அமைப்பு

ஸ்பின்னிங் ரீலின் உறுப்புகளைச் சுருங்கக் கூறுவோம். கோலோடு பொருந்துவது கால். நரம்பு சுற்றியிருப்பது உருளை. உருளையைச் சூழ்ந்து சுழல்வது சுழலி. அதன்மேல் மடக்கித் திறக்கும் கம்பி வளையம் உண்டு. வளையத்தைத் திறந்து விரலால் நரம்பைப் பிடித்து வீசினால், உருளை அசையாதிருக்க, நரம்பு மட்டும் அதன் விளிம்பின்மேல் வழுவிச் செல்லும். உருளையைச் சுழற்ற வேண்டிய பாரம் இரைக்கு இல்லாமையால் இலேசான இரையும் தூரம் போகும். வளையத்தை மூடிக் கைப்பிடியைச் சுற்றினால், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் சுழலியை இயக்கி நரம்பை உருளைமேற் சுற்றும்.

இவை ஏறும் தொழிலுக்கு உரியவை. விடும் தொழிலுக்கு உரியது டிராக் என்பது. உருளையின் உள்ளே அடுக்கப்பட்ட வட்டத் தகடுகளும் அவற்றை அழுத்தும் திருகும் சேர்ந்ததே டிராக். திருகை இறுக்கினால் உருளை எளிதில் வழுவாது. தளர்த்தினால் எளிதில் வழுவும். மீன் குறித்த அளவுக்கு மேல் இழுக்குமானால் உருளை தானே சுழன்று நரம்பை விடும். அவ்வாறு விடாவிடின் நரம்பு அறும். அல்லது முள் வாயைக் கிழித்து வெளிவரும்.

தெரியும் முறை

முதலாவது, டிராக். நரம்பு தாங்கும் எடையில் நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையில் டிராக்கை இறுக்கி வைத்தல் பொதுவிதி. 9 கிலோ தாங்கும் நரம்பானால் ஏறத்தாழ 2¼ முதல் 3 கிலோ வரை என்க. களை மிகுந்த ஏரியில் விராலை வெளியே இழுத்தற்குச் சற்று மிகுதியாக இறுக்குவதுண்டு. எனவே 8 கிலோ, 10 கிலோ என்று பெட்டியிற் காணும் உச்ச அளவு நடுத்தரக் கோலுக்குப் பெரும்பாலும் பயனற்றது; அவ்வளவு இழுப்பை அக்கோலும் முடிச்சும் தாங்கா. நாம் நோக்க வேண்டுவது 3 கிலோ அளவில் அது எங்ஙனம் நடந்துகொள்கிறது என்பதே. நன்மையான டிராக் அசையத் தொடங்கும்போதும் ஓடும்போதும் ஒரே தன்மையாய் இருக்கும். தாழ்ந்த டிராக் முதலிற் பிடித்துக்கொண்டு, பின்னர்த் திடீரென்று விடும். அந்தப் பிடிப்பிலேதான் நரம்பு அறுகின்றது.

இங்குக் கணக்கு ஒன்றையும் நினைவிற் கொள்க. நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 44 மில்லிமீட்டர் என்று வைப்போம். மீன் வெகுதூரம் ஓடி, விட்டம் 33 மில்லிமீட்டராகக் குறைந்தால், திருகைத் தொடாமலே இழுப்பு மூன்றிலொரு பங்கு மிகுந்துவிடும். 3 கிலோவாக வைத்தது 4 கிலோவாகும். ஆதலின் மீன் ஓட ஓடத் திருகை இறுக்குவோர், அறும் நாளைத் தாமே விரைந்து அழைப்பவராவர்.

இரண்டாவது, அளவு. ரீல்களுக்கு 1000, 2500, 4000 என்றாற்போல எண்கள் இட்டிருப்பர். ஏழடி நடுத்தரக் கோலுக்கு 2500 அல்லது 3000 ஏற்றது. விராலையே பெரிதும் நாடிப் பருத்த பின்னல் நரம்பு இடுவோர் 4000 வரை செல்லலாம். ஒரு கம்பெனியாரின் 2500-உம் மற்றொரு கம்பெனியாரின் 2500-உம் ஒரே பருமனாக இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் இல்லை. ஷிமானோ, டைவா முதலிய பெயர்பெற்ற கம்பெனிகளின் ரீல்களையும் அருகருகே வைத்தே ஒப்பிடல் வேண்டும். எண்ணை மட்டும் ஒப்பிடல் போதாது.

மூன்றாவது, வேகம். 5.2:1 என்றால் கைப்பிடி ஒருமுறை சுற்ற, சுழலி 5.2 முறை சுற்றும் என்பது பொருள். 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 138 மில்லிமீட்டர். ஆகவே 5.2 முறைக்கு 72 சென்டிமீட்டர் நரம்பும், 6.2 முறைக்கு 86 சென்டிமீட்டர் நரம்பும் ஏறும். வேகம் மிகுந்தால் தளர்ந்த நரம்பை விரைவில் வாங்கலாம். ஆயின் பாரமான மீனை இழுக்கும்போது கை களைக்கும். ஒரே ரீல் உடையோனுக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நலம்.

நான்காவது, பேரிங். விற்பனையாளர் உரத்துக் கூறுவது இதன் எண்ணிக்கையையே. 5+1 என்று எழுதியிருந்தால், ஐந்து குண்டு பேரிங்குகளும், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருள்வகை ஒன்றும் உள்ளன என்பது கருத்து. நல்ல எஃகினால் ஆகிய மூன்று, தாழ்ந்த பத்தினும் மேலானவை. பேரிங் சுற்றுதற்கு இனிமை தரும். மீனைப் பிடித்துத் தராது.

ஐந்தாவது, உடலும் எடையும். உலோக உடல் கனமும் உறுதியும் உடையது. நார் கலந்த பிளாஸ்டிக் உடல் இலேசானது, உப்பினால் துருவேறாதது. ஏரிக்கு எதுவும் தகும். கழிமுகத்துக்கும் கொண்டு செல்வதாயின், எவ்வுடலாயினும் வீடு திரும்பியவுடன் நன்னீரில் மெல்லக் கழுவி, டிராக்கைத் தளர்த்தி வைத்தல் கடமை. எடையைத் தனியே தூக்கிப் பார்த்தல் போதாது. கோலிற் பூட்டி, ரீலின் காலுக்கு அருகே ஒரு விரலின்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். நுனி மிகச் சாயுமானால் மாலைவரை வீசும் மணிக்கட்டு நோகும்.

ஆறாவது, நரம்பு. சிறந்த ரீலையும் கெடுப்பது தவறாகச் சுற்றிய நரம்பு. உருளையின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைவாக நிரப்புக. மிகக் குறைந்தால் விளிம்பில் உராய்ந்து தூரம் குறையும். மிகுந்தால் வளையங்களாய்ச் சரிந்து சிக்கும். பின்னல் நரம்பை வெறும் உருளைமேற் சுற்றினால் முழுதும் வழுக்கிச் சுழலும். ஆதலின் அடியிற் சில சுற்று நைலான் நரம்பு இடுதல் வேண்டும். வீசியபின் கம்பி வளையத்தைக் கைப்பிடியால் மூடாது கையால் மூடுவோர்க்கு நரம்பு முறுக்குதல் குறையும்.

கடையில் செய்யத்தக்க சோதனை

எங்கள் ஊர்த் தோல் மண்டிகளில் பழகிய பெரியோர் சரக்கை எங்ஙனம் மதிப்பிடுகின்றனர் என்பதைக் கண்டிருக்கிறேன். சீட்டில் எழுதியதைப் படிப்பதற்கு முன், தோலை விரலால் மடித்து, நீவி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பர். விரல் ஒப்பியதன்பின்னரே வாய் விலை பேசும். ரீல் வாங்குவோனுக்கும் இதுவே நன்னெறி.

கடைக்காரர், “தம்பி, இதில் பத்து பேரிங் இருக்கிறது; இதையே எல்லாரும் கேட்கிறார்கள்” என்பார். அப்போது நாணமின்றி, “அண்ணா, நரம்பு கட்டி டிராக்கைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். இணங்கினால், பின்வருமாறு செய்க. திருகைப் பாதி இறுக்கி, நரம்பை மெல்ல, நேராக இழுத்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி வருமானால் அதனை வைத்துவிடுங்கள். திருகைக் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் இழுங்கள். சிறிய திருப்பத்திற்குச் சிறிய மாறுதலே தோன்ற வேண்டும். கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, பற்களுக்கு இடையே தளர்ச்சி உண்டா என்று காண்க. கம்பி வளையத்தைப் பத்து முறை திறந்து மூடுக. ஒவ்வொரு முறையும் ஒரே ஒலியோடு நிலைகொள்ளல் வேண்டும். கைப்பிடியை வலமும் இடமும் மாற்றலாகுமோ என்று கேளுங்கள். வலக்கையால் வீசுவோன் கோலை அக்கையிலேயே வைத்துக்கொண்டு இடக்கையாற் சுற்றுவது வசதி. விரால் கவ்விய நொடியிற் கைமாற்றிக் கொண்டிருக்க நேரமில்லை. கடைசியாக, உங்கள் கோலையே கொண்டுபோய் அதிற் பூட்டிப் பாருங்கள். டிராக்கின் திருகு முன்பக்கம் அமைந்ததும் பின்பக்கம் அமைந்ததும் எனக் கடையில் இருவகை காணலாம். முன்பக்கத் திருகுடையதில் பெரிய தகடுகள் அமைதற்கு இடமிருத்தலால், விலை ஒத்திருப்பின் அதனைத் தெரிவது நன்று.

இச்சோதனைகளுக்கு இசையாத கடையில் வாங்காதிருத்தல் நலம். பணம் குறைவாயின் பேரிங்கிலும் மினுக்கிலும் குறைத்துக் கொள்ளலாம். டிராக்கிற் குறைத்துக் கொள்ளலாகாது.

இதனால் வரும் பயன்

ஒரு விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் என்று சிலர் வினவக்கூடும். நரம்பு அறுந்தால் நமக்குப் போவது சிறிது நரம்பும் ஒரு ரப்பர்த் தவளையும். மீனுக்கோ, வாயிற் கோத்த முள் அகலாது நிற்கும். அறுந்த நரம்பு களையில் மாட்டி அதனை ஓரிடத்திற் கட்டிப்போடுதலும் கூடும். பின்னர் நீர்க்கோழியின் காலிலும் ஆட்டிடையன் காலிலும் அந்நரம்பு சுற்றிக்கொள்ளும். பிடிப்பது பிடித்ததாகவும் விடுவது விட்டதாகவும் இருத்தல் வேண்டும். இரண்டுங்கெட்ட நிலையை உண்டாக்குவது பிடிவாதமான டிராக்கே.

இன்னும் ஒன்று உளது. விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மேற் புரள, அவற்றின் கீழே தாய்தந்தையர் காவல் நிற்கும். அத்திரளின் நடுவே இரையை வீசினால் காவல் மீன் சினந்து கவ்வும், பிடித்தல் எளிது. ஆனால் காவலை இழந்த குஞ்சுகள் சிறிது நேரத்திற்குள் பிற மீன்களுக்கு இரையாகும். அறியாது காவல் மீன் சிக்கிவிட்டால், நல்ல டிராக் உடையோன் அதனை மிகக் களைப்புறச் செய்யாமலும் வாய் கிழியாமலும் கரைசேர்த்து, முள்ளை நீக்கித் திரும்ப விடலாம். செந்திரளைக் கண்டவிடத்து வீசாதிருத்தல் அதனினும் மேலானது. வீசாமைக்கு எந்த ரீலும் வேண்டுவதில்லை.

திருக்குறளிற் சூதின் தீமையை உரைக்கும் அதிகாரத்தில், சூதாடி வெல்லும் பொருள், தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடப்பட்டிருக்கின்றது. பெட்டியின்மேல் மின்னும் எண்களும் அத்தகைய இரையே. உள்ளிருக்கும் முள்ளை வாங்கியபின்னரே உணர்வோம். மாணவ நண்பர்காள்! மீனுக்கு இரை வீசப் புறப்படும் நாம் கடையில் நாமே இரையைக் கவ்வாதிருப்போமாக. கையில் எடுத்து, நரம்பை இழுத்து, சீராக விட்டுக்கொடுக்கும் ரீலைத் தெரிந்து கொள்ளுங்கள். அதனைக் கழுவியும் எண்ணெயிட்டும் பேணினால், கல்லூரியை விட்டு நீங்கியபின்னும் பல மழைக்காலம் உங்கள் கோலில் அது நிலைத்திருக்கும்.